பட்டியலில் அடங்காத அப்துல்லாஹ்

உலகப் புகழ் பெற்றோர் இன்னின்னார் இஸ்லாத்தைத் தழுவினர் என்று பெயர்ப் பட்டியல் வெளியிடுவது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். மீலாது மலர்களில் அப்பட்டியல் வருகிறது. மேடைச் சொற்பொழிவுகளில் வருகிறது. இக்காலத்தில் கைப்பேசியின் வழியாகவும் வீடுதோறும் வந்து சேர்கிறது. குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீ, குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த முஹம்மது மர்மடியூக் பிக்தால், பேரறிஞர் முஹம்மது அஸத் என்று நீளும் அவ்வரிசையில் ஆர்ட் பிளேக்கி என்னும் பெயரும் சில வேளைகளில் தலைகாட்டும். ‘ஜாஸ் இசையின் மாபெரும் டிரம்ஸ் கலைஞர், முஸ்லிமான பின் அப்துல்லாஹ் இப்னு புஹைனா’ என்று ஒற்றை வரி. அவ்வளவே.

இவ்வொற்றை வரியைப் படிப்போர் இரு வகையினர். “அமெரிக்காவின் இசைவாணர்களே நம் தீனைத் தேடி வந்துவிட்டனர்!” என்று நெஞ்சு நிமிர்த்துவோர் ஒரு வகையினர். “கொட்டடிப்பவனுக்கும் தீனுக்கும் என்ன தொடர்பு? இப்பெயரை யார் இதில் சேர்த்தது?” என்று முகஞ்சுளிப்போர் மற்றொரு வகையினர். முன்னவர் ஒரு தலையைக் கூட்டுகின்றனர். பின்னவர் ஒரு தலையைக் கழிக்கின்றனர். அந்த மனிதர் யார், எந்த நிலையிலிருந்து வந்தார், வந்த பின் என்ன ஆனார் என்று இரு சாராரும் கேட்கவில்லை. இவ்விரு போக்கும் பிழையே என்பது நம் வாதம். கண்ணியம் தேடி ஒருவன் வாசலுக்கு வந்தால் அவன் அமானத்து. அவனைக் கணக்கில் ஓர் எண்ணாக வரவு வைப்பதும் பற்று எழுதுவதும் அமானத்துக்குச் செய்யும் துரோகம்.

முதலில் அந்த மனிதரை அறிந்துகொள்வோம்.

ஆர்ட் பிளேக்கி 1919-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அது இரும்பும் எஃகும் உருக்கும் ஊர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். தந்தையோ குடும்பத்தை விட்டகன்றவர். பிறர் வீட்டில் வளர்ந்தார். இளம்பருவத்திலேயே ஆலை வேலைக்குச் சென்றார். இரவில் பியானோ வாசித்துப் பொருளீட்டினார். விடுதி உரிமையாளர் ஒருவர் துப்பாக்கியைக் காட்டி, “பியானோவை விட்டெழுந்து டிரம்ஸில் போய் உட்கார்” என்று ஆணையிட்டதே தாம் டிரம்ஸ் கலைஞராகிய கதை என்று பிற்காலத்தில் அவரே சொல்லுவார். அன்று பியானோவில் அமர்ந்த மற்றோர் இளைஞர், பின்னாளில் பெரும்புகழ் எய்திய எரால் கார்னர்.

பிளேக்கி 1942-இல் மேரி லூ வில்லியம்ஸ் அம்மையாரின் குழுவிலும், அதன்பின் பிளெட்சர் ஹென்டர்சன் குழுவிலும் வாசித்தார். ஹென்டர்சன் குழுவினருடன் தென் மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்றபோது, ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் வெள்ளைக் காவலர்கள் அவரைத் தாக்கினர். தலையில் ஏற்பட்ட காயத்திற்கு எஃகுத் தகடு வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. கறுப்பு நிறத்தவர் என்பதன்றி வேறு குற்றம் அதற்கு வேண்டியிருக்கவில்லை. 1944 முதல் 1947 வரை பில்லி எக்ஸ்டைன் குழுவில் டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் ஆகியோருடன் வாசித்தார். புதிய ஜாஸ் இசை கருக்கொண்ட பாசறை அக்குழு.

அக்காலத்தில்தான், 1940-களின் பிற்பகுதியில், அவர் இஸ்லாத்தைத் தழுவினார். 1947-இல் பதினேழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்து அதற்கு ‘மெஸ்ஸஞ்சர்ஸ்’ என்று பெயரிட்டார். செய்தியைச் சுமந்து செல்வோர் என்பது அதன் பொருள். அக்குழுவினரில் பலர் முஸ்லிம்கள். அதன்பின் ஆப்பிரிக்கா சென்று சில காலம் தங்கினார். அவர் அங்குப் பறை கற்று வந்தார் என்று நம்மவர் சிலர் கதை கட்டுகின்றனர். டிரம்ஸ் கற்கத் தாம் செல்லவில்லை, சமயமும் தத்துவமும் கற்கவே சென்றதாக அவரே கூறியிருக்கிறார். புகழ்வோரும் அவர் சொல்லைக் கேட்டுப் புகழ்வதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

இனி, முகஞ்சுளிப்போரின் வாதங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

‘கொட்டடிப்பது மார்க்கத்திற்கு விரோதம்; ஆகவே அவர் பெயர் நமக்கு வேண்டாம்’ என்பது முதல் வாதம். இசை பற்றி இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டென்பதை ஓதியவர் அறிவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ‘ஸமாஉ’ பற்றித் தனி நூலே எழுதினார். நரம்புக் கருவிகளையும் சில குழற்கருவிகளையும் விலக்கிய அப்பெருமகனார், முரசை விலக்கவில்லை. குடிகாரர் கூட்டத்துக்கு உரியதாயிருந்த ‘கூபா’ என்னும் இடை சிறுத்த பறை ஒன்றையே விலக்கினார். ருபைய்யிஉ பின்த் முஅவ்விது (ரலி) அவர்களின் திருமண நாளில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அமர்ந்திருக்கச் சிறுமியர் தப்ஸ் கொட்டிப் பாடினர். நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே உள்ளார் என்று ஒரு சிறுமி பாடியபோது, அச்சொல்லை மட்டும் விட்டுவிடுமாறு அண்ணலார் பணித்தார்கள். முன்பு பாடியதையே தொடரச் சொன்னார்கள். திருத்தியது சொல்லை, பறையை அன்று. புகாரியில் பதிவான செய்தி இது.

மது விற்கும் விடுதியில் வாசிப்பதை மார்க்கம் ஒப்புகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. அது ஒப்பப்படாத இடமே. ஆயின் அந்த இடத்தைத் தவிரக் கறுப்பினக் கலைஞனுக்கு அந்நாடு வேறு இடம் தந்ததா என்பதையும் தீர்ப்புச் சொல்வோர் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவன் செய்யும் தொழிலில் குறை உண்டென்பது வேறு. அவன் மொழிந்த கலிமா செல்லாது என்பது வேறு. முன்னதைச் சொல்லத் தொடங்கிப் பின்னதில் போய் முடிப்பது ஃபிக்ஹு ஓதியவர் செய்யத்தக்க செயலன்று.

‘இவர்கள் தீனுக்காக வரவில்லை, நிற இழிவிலிருந்து தப்பவே பெயரை மாற்றினர்’ என்பது இரண்டாம் வாதம். இதற்கு ஒரு சான்றும் காட்டுவர். பிளேக்கியின் ஊரிலேயே 1914-இல் பிறந்தவர் கென்னி கிளார்க். காலால் அடிக்கும் பெருமுரசிலிருந்து தாளத்தின் ஓட்டத்தை மேலே தொங்கும் வெண்கலத் தட்டுக்கு மாற்றி, இன்றைய ஜாஸ் டிரம்ஸ் முறைக்கு வழி திறந்தவர் அவர். 1946-இல் முஸ்லிமாகி லியாகத் அலீ ஸலாம் என்று பெயர் சூடினார். நியூயார்க் விடுதிகளில் வாசிப்போர் காவல்துறையிடம் அட்டை பெற்றாக வேண்டும் என்னும் விதி 1967 வரை அந்நகரில் இருந்தது. தம் அட்டையில் ‘வெள்ளையர்’ என்பதைக் குறிக்கும் எழுத்தே உள்ளது என்று கிளார்க் காட்டினாராம். டிஸ்ஸி கில்லெஸ்பி 1979-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை நகைச்சுவையுடன் எழுதியிருக்கிறார். அரபுப் பெயர் பூண்டவன் ‘கறுப்பன்’ அல்லன் என்று எழுத்தர்கள் கருதிய விந்தை அது.

நகைக்கத் தக்க செய்திதான். ஆனால் நகைப்பு யார்மீது விழ வேண்டும்? பெயர் மாறியதும் தோலின் நிறமே மாறிவிட்டதாக எழுதிக் கொடுத்த சட்டத்தின் மீதா, அச்சட்டத்தின் கீழ் மூச்சுவிட இடம் தேடிய மனிதன் மீதா?

நம்மவருக்கு ஒன்று நினைவூட்டுவோம். பிறப்பினால் வரும் இழிவு நீங்க இஸ்லாம் நல்ல வழி என்று தந்தை பெரியார் கூறியதை மேடைதோறும் எடுத்தோதி மகிழ்கின்றோம். அவர் சொன்னது மறுமையை எண்ணியன்று. இம்மையின் மானத்தை எண்ணியே. அதனைக் கேட்டுக் கை தட்டும் நாம், அதே மானத்தைத் தேடி வந்த பிட்ஸ்பர்க் இளைஞனைப் பார்த்து, ‘நீ ஆதாயத்துக்கு வந்தவன்’ என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது? சமத்துவம் என்பது தீனின் புறத்தே ஒட்டிய சுண்ணாம்பா? ஹுஜுராத் அத்தியாயம் ஓதியவர் அவ்வாறு சொல்லார். சமத்துவத்துக்காக வந்தவன் தீனுக்காகவே வந்தவன்.

உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களின் செய்தியை இங்கு மறக்கலாகாது. போர்க்களத்தில் எதிரி ஒருவன் கலிமா மொழிந்த பின்னும் அவர் அவனைக் கொன்றார். ஆயுதத்துக்கு அஞ்சியே அவன் அவ்வாறு மொழிந்தான் என்று காரணமும் சொன்னார். அவனுடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்நாளுக்கு முன் தாம் முஸ்லிமாகாமலே இருந்திருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கும் அளவுக்குக் கேட்டார்கள். வாளின் முன் மொழிந்த கலிமாவுக்கே இந்த மதிப்பென்றால், வாழ்நாள் முழுதும் அவமதிப்பின் முன் நின்று மொழிந்த கலிமாவை எடைபோட நம்மிடம் தராசு தந்தவர் யார்?

மூன்றாம் வாதம் சற்றுக் கடினமானது. அக்காலத்து அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பலருக்கு இஸ்லாத்தின் பெயரை முதலில் கொண்டு சேர்த்தது அஹ்மதிய்யாப் பிரசார இயக்கம். அதன் தூதுவராக முஃப்தீ முஹம்மது ஸாதிக் 1920-இல் பிலடெல்பியாத் துறைமுகத்தில் இறங்கினார். 1921-இல் ஓர் ஏட்டையும் தொடங்கினார். அவ்வியக்கத்தின் கொள்கையை நம் உலமாக்கள் ஏற்பதில்லை. அவ்வழக்கை விரித்துரைக்க இக்கட்டுரை இடமன்று. அதனைக் காட்டி இக்கலைஞர்களை ஒதுக்குவோரிடம் ஒன்று கேட்கிறோம். அந்தச் சேரிகளின் கதவை அன்று தட்டிய பிறர் எத்தனை பேர்? தாகத்தோடு இருந்தவனுக்குத் தண்ணீர் கொண்டு செல்லாதவர், அவன் எந்தக் கிணற்றில் குடித்தான் என்று விசாரணை நடத்துவது அழகன்று. வழியில் பெற்ற பாடத்தில் பிழையிருந்தால் அதன் பொறுப்பில் ஒரு பங்கு, அவ்வழியே செல்லாத ஆலிம்களையும் சாரும்.

இனிப் பட்டியல் போட்டு மகிழ்வோரின் பக்கம் திரும்புவோம். இவர்களது பிழை இனிமையானது, ஆகவே ஆபத்தானது.

இவர்கள் அச்சிடும் ஒற்றை வரியில் பிளேக்கி முஸ்லிமானதோடு கதை முடிகிறது. வாழ்க்கை அவ்வாறு முடியவில்லை. ஹெராயின் என்னும் போதைப்பொருள் அக்காலத்து ஜாஸ் உலகைப் பிடித்தாட்டிய கொடும்பிணி; பிளேக்கியும் அதன் பிடியில் பல ஆண்டுகள் இருந்தார். மார்க்கக் கடமைகளில் பிற்காலத்தில் அவர் உறுதியுடன் நிற்கவில்லை என்றே அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். இசையுலகில் ஆர்ட் பிளேக்கி என்ற பழைய பெயரே நிலைத்தது. நெருங்கிய நண்பர்கள் மட்டும் ‘புஹைனா’வைச் சுருக்கி ‘பூ’ என்று இறுதிவரை அழைத்தனர். இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது புகழ்ச்சியன்று. ஒருவருடைய வாழ்க்கையைத் தூக்கி எறிந்துவிட்டு அவருடைய சட்டையை மட்டும் வைத்துக்கொள்வது போன்றது.

அப்பெயரின் பொருளையாவது இவர்கள் அறிந்ததுண்டா? அப்துல்லாஹ் இப்னு புஹைனா (ரலி) நபித்தோழர் ஒருவர். தந்தை மாலிக், ஆயினும் தாய் புஹைனாவின் பெயராலேயே ஹதீஸ் நூல்கள் அவரை அறியும். அவர் வழியாக நமக்குக் கிடைத்த புகழ்பெற்ற நபிமொழி எது? நபி (ஸல்) அவர்கள் ஒரு தொழுகையில் இரண்டாம் ரகஅத்தில் அமராமல் எழுந்துவிட்டார்கள். தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுக்கும் முன் இரண்டு ஸஜ்தாக்கள் செய்தார்கள் என்பதே அது. மறதிக்குரிய ஸஜ்தாவின் சட்டத்தை இச்செய்தியைக் கொண்டே ஓதுகிறோம். மறந்தவன் தொழுகையை முறித்துக்கொண்டு வெளியேற வேண்டியதில்லை. அவன் இன்னும் தொழுகையில்தான் இருக்கிறான். ஈடு செய்ய வழி உண்டு. தாயின் அணைப்பும் தந்தையின் நிழலும் இன்றி வளர்ந்த ஒருவர் இப்பெயரைத் தாங்கி வாழ்ந்தார். அவருடைய குறைகளைக் காட்டி அவரைத் தீனின் வாசலுக்கு வெளியே நிறுத்துவோரும், அக்குறைகளை அழித்துவிட்டு அவரை விளம்பரப் பலகையாக்குவோரும் இந்த ஒரு பாடத்தை மறுபடியும் ஓத வேண்டியவர்களே.

அவரிடமிருந்து கற்கத்தக்கது ஒன்றுமே இல்லையா? உண்டு. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அது தெளிவாகவே தெரிகிறது.

1950-களின் நடுவில் பியானோக் கலைஞர் ஹோரஸ் சில்வருடன் சேர்ந்து அவர் ‘ஜாஸ் மெஸ்ஸஞ்சர்ஸ்’ குழுவைக் கட்டினார். 1956-இல் சில்வர் பிரிந்த பின் குழுவின் பெயரும் பொறுப்பும் பிளேக்கியிடம் நின்றன. அதன்பின் 1990-இல் தாம் மறையும் வரை அதனை ஒரு மத்ரஸாவாகவே நடத்தினார். இளைஞரோடேயே இருக்கப் போவதாகவும், இவர்கள் முதிர்ந்தால் இன்னும் இளையோரைத் தேடிக்கொள்வதாகவும் 1954-இலேயே நியூயார்க் ‘பேர்ட்லேண்ட்’ அரங்கின் மேடையில் அறிவித்தவர் அவர். சொன்னபடியே செய்தார். 1958-இல் லீ மார்கனை இருபது வயதில் சேர்த்தார். வெய்ன் ஷார்ட்டர், பிரெடி ஹப்பார்டு முதலியோர் அவரிடம் பயின்றவர்கள். 1980-இல் விண்டன் மார்சாலிஸ் வந்தபோது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை.

வந்தவர்களை அவர் எங்கே வைத்தார் என்பதுதான் நோக்கத்தக்கது. குழு அவருடையது, ஆனால் மேடையின் முன்வரிசை புதியவர்களுடையது. தாம் பின்னே அமர்ந்து முரசொலித்தார். குழுவுக்கு உலகப்புகழ் ஈட்டித் தந்த 1958-ஆம் ஆண்டின் ‘மோனின்’ இசைத்தட்டில் தலைப்புப் பாட்டை இயற்றியவர் பாபி டிம்மன்ஸ் என்னும் இளைஞர். ஏனையவற்றில் பெரும்பகுதி பென்னி கோல்சனுடையது. ‘நீங்கள் எழுதுங்கள், நான் வாசிக்கிறேன்’ என்பதே அவர் போக்கு. ஒருவர் வாசிக்கும்போது பின்னாலிருந்து முரசை உருட்டி எழுப்பி, ‘இன்னும் முன்னே போ’ என்று தூண்டுவதே அவர் கைவண்ணம். ஒருவர் தேறிவிட்டால் தனிக்குழு அமைக்க அனுப்பிவிட்டு அடுத்தவரைச் சேர்த்துக்கொண்டார். தேறிய மாணவனுக்கு இஜாஸா எழுதிக் கொடுத்து அவனை வேறோர் ஊரில் உஸ்தாதாக அமர்த்தும் பழைய மரபை நாம் அறிவோம். பெயர் வேறு; பண்பு ஒன்றே.

இப்பொழுது நம் மஹல்லாக்களைப் பார்ப்போம். பெயர்ப் பட்டியலைக் கண்டு பூரிக்கும் அதே ஊரில், புதிதாகக் கலிமா மொழிந்த குடும்பத்திற்கு எந்த இடம்? பத்து ஆண்டு கழிந்தும் ‘நவ முஸ்லிம்’ என்ற அடைமொழி அவர்களைவிட்டு நீங்குவதில்லை. பெண் கேட்டு வந்தால், “நல்ல பையன்தான், ஆனால்…” என்று பேச்சு இழுபடுகிறது. ஜமாஅத் நிர்வாகத்தில் அவர்களுக்கு இடமில்லை. குத்துச்சண்டை வீரரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்போம். அடுத்த தெருவில் முஸ்லிமானவரின் பிள்ளைக்குப் பெண் கொடோம்! நிற வேற்றுமைக்கு அமெரிக்கர் அட்டையில் எழுத்திட்டனர். நம்மவர் வாயால் சொல்லாமல் மனத்தில் எழுதிவைக்கின்றனர். ஒரு தோழர் மற்றொருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்தபோது, உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத்து இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இழிக்கப்பட்டவர் கறுப்பினத் தாயின் மகனாகிய பிலால் (ரலி) என்று விரிவுரையாளர் கூறுவர். கண்டிக்கப்பட்டவரோ அபூதர் (ரலி) போன்ற பெருந்தோழர்! அவரிடமே ஒட்டியிருந்த அந்தத் துரு நம் ஊர்களில் இல்லை என்று யார் ஆணையிட்டுச் சொல்லக்கூடும்?

ஷரீஅத் இவ்விஷயத்தை நல்லெண்ணத்திற்கு மட்டும் விட்டுவிடவில்லை. ஸகாத்தின் எட்டுப் பங்கினருள் இதயம் இணைக்கப்பட வேண்டியோர் ஒரு பங்கினர். ஷாஃபிஈ மத்ஹபில் புதிதாக வந்தோர்க்கு அப்பங்கு இன்றும் நிலைத்திருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் அப்பங்கு நின்றுவிட்டதாயினும் வறியவராயின் ஏழைகளின் பங்கில் அவர் சேர்வார். ஆண்டுதோறும் ஸகாத்துப் பிரிக்கும்போது இப்பங்கை நினைப்போர் எத்தனை பேர்? பட்டியல் அச்சிடச் செலவாகும் பணத்தில் ஒரு நவ முஸ்லிம் மாணவனின் ஓராண்டுப் படிப்பு நடக்குமாயின், அதுவே மெய்யான தப்லீக்.

ஆகவே ஏடு நடத்துவோருக்கும் மேடையேறுவோருக்கும் நம் வேண்டுகோள் இது: அடுத்த முறை இப்பெயர்களை எடுக்குமுன், உங்கள் மஹல்லாவில் கடந்த பத்தாண்டில் கலிமா மொழிந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். அவர்கள் எந்த ஸஃப்பில் நிற்கின்றனர், பிள்ளைகள் எங்கே ஓதுகின்றனர், சம்பந்தம் யாரோடு என்று சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் பிளேக்கியின் பெயரையும் சொல்லுங்கள். இயலாதெனில், கடல் கடந்தவரின் பெயரை இரவல் வாங்கிப் பெருமை தேடாதீர்கள். முகஞ்சுளிக்கும் பெரியோருக்கும் ஒரு சொல்: 1990 அக்டோபர் 16-ஆம் நாள் நியூயார்க்கில் நுரையீரல் புற்றுநோயால் அவர் மறைந்தார். அவருடைய கணக்கு இப்பொழுது அதற்குரியவனிடம் சேர்ந்துவிட்டது. அங்கே நம் சாட்சியம் கேட்கப்படவில்லை. நம் வாசலுக்கு வந்தவனை எப்படி நடத்தினோம் என்ற கேள்விதான் நம்மிடம் கேட்கப்படும்.

அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க வாழ்வை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.